கொடி ஏறின ஊர்

புயல் என்கிற சொல் நான் வயசுப் பெண்ணாக இருந்த காலத்தில் எங்கள் தெருவில் யார் வாயிலும் வந்ததில்லை. பெருங்காற்று என்போம், காத்துமழை என்போம். ஐப்பசியில் அது வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். எந்த நாள் வரும் என்பதைத்தான் அவரவர் தொழிலுக்குத் தக்கபடி பார்த்துக்கொள்வார்கள். நெசவுக்காரர்களுக்கு அதைத் தறிக்குழி சொல்லும். தறிக்குக் கீழே காலை விட்டு மிதிக்கிற பள்ளம் அது. பெரிய மழைக்கு முன்னால் அதன் மண்சுவர் வியர்க்கும். "குழி சில்லுனு இருக்குது, இன்னிக்குத் தெருவுல பாவு விரிக்க வேணாம்" என்று ஒருவர் சொன்னால் போதும். பட்டு நூலைத் தெரு நீளத்துக்கு விரித்துக் கஞ்சி போடுகிற வேலை அன்றைக்கு நின்றுவிடும். வானத்தில் ஒரு மேகம்கூட இருக்காது. மறுநாள் கொட்டும்.

எனக்குத் தறி கிடையாது. ராட்டையில் இழை சுற்றிக் கொடுக்கிற வேலை. எனக்கு அந்தச் சேதியை இழையே சொல்லும். காற்றில் ஈரம் ஏறினால் பட்டு விரலை விடாது. சின்னப் பிள்ளை புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு வருவதுபோல ஒட்டிக்கொண்டே வரும். அந்த நாட்களில் என்னைத் தொட்டுப் பேசினது அது ஒன்றுதான் என்று எழுதினால் சிரிப்பீர்கள். ஆனால் உண்மை அதுதான்.

பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவுக்காரர் வீட்டில் பின்பக்கத்து ஒற்றை அறை எனக்கு. கல்யாணமாகி மூன்றாவது வருஷம். பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள யாரும் மிஞ்சவில்லை. என் வீட்டுக்காரருக்குக் கடலோரத்தில், ஒரு சின்னத் துறையில், கப்பல் ஆபீசில் லஸ்கர் வேலை. லஸ்கர் என்றால் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒரு தடவை மென்று விழுங்கிக் கேட்டேன். "கப்பல்காரனுக்கு சேதி சொல்ற வேலை" என்றார். தபால்காரர் மாதிரி கடிதம் எடுத்துக்கொண்டு படகில் போவார் போலிருக்கிறது என்று நானாக நினைத்துக்கொண்டேன். அவரும் அதிகம் பேசமாட்டார், நானும் பேசமாட்டேன். இரண்டு ஊமைகளை ஒரு அறையில் விட்டதுபோல இருக்கும் அவர் வருகிற நாட்களில்.

வந்தால் கிணற்றடிக்குப் போய்விடுவார். வீட்டில் இருக்கிற அண்டா குண்டான் எல்லாம் நிரப்பிவிட்டுத்தான் உட்காருவார். அவருக்கு வலது தோள் ஒரு காலத்தில் விலகிக் கூடினது. அதனால் கயிற்றை மற்றவர்களைப் போல ஒரே சீராக இழுக்க வராது. இரண்டு இழுப்பு இழுத்து, நிறுத்தி, கையை மாற்றிப் பிடித்து, மறுபடி இரண்டு இழுப்பு. அந்த ராட்டினச் சத்தம் முன்கட்டு வரைக்கும் கேட்கும். வீட்டுக்கார அக்கா தறியில் இருந்தபடியே சொல்லுவார்: "உன் ஆளு வந்துட்டாருமா. கெணறு விக்கிக்கினு கெடக்குது."

அந்த வருஷம் அவர் புரட்டாசியில் வந்தபோது, புறப்படுகிற நேரத்தில், வாசலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். ஆபீசுக்குப் பக்கத்திலேயே ஒரு குடிசை போட்டிருக்கிறாராம். பனையோலைக் கூரை. தரை மெழுகியாயிற்றாம். "தீவாளி அமாவாசை கழிஞ்சதும் வந்து இட்டுக்கினு போறேன். ஜன்னல் வச்சிருக்குது" என்றார். ஜன்னலைப் பற்றி மட்டும் இரண்டு தடவை சொன்னார். கடலைப் பார்த்த ஜன்னல்.

அதற்குப் பிறகு எனக்கு வேறு நினைப்பே இல்லை. என்னிடம் இருந்த நாலு பாத்திரத்தையும் தேய்த்துத் தேய்த்து வைத்தேன். கட்டுவேன், பிரிப்பேன், மறுபடி கட்டுவேன். ஒரு வீடு, அதில் தினமும் சாயங்காலம் திரும்பி வருகிற ஒரு ஆள். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

தீபாவளி வந்தது, போயிற்று. அமாவாசை கழிந்தது. அவர் வரவில்லை. மூட்டை சுவரோரம் உட்கார்ந்திருந்தது. எனக்கு அதைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. மேலே ஒரு பழந்துணியைப் போட்டு மூடினேன்.

அப்போதுதான் உப்பு வண்டிக்காரர் ஒருவர் வாசலில் வந்து கூப்பிட்டார். கடலோரத்திலிருந்து தாமல் பக்கம் உப்பு ஏற்றிக்கொண்டு போகிறவர். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அக்காதான் பேசினார்.

"இங்க லஸ்கரு சம்சாரம் யாருமா?"

"உள்ள இருக்குது. இன்னா சேதி?"

"கொடி ஏத்திட்டாங்களாம். எறக்கற வரைக்கும் அவரு அங்கருந்து நவுரக் கூடாதாம். அதைச் சொல்லச் சொன்னாரு."

"எப்போ எறக்குவாங்களாம்?"

"அது யாருக்குமா தெரியும்?" என்று சொல்லிக்கொண்டே மாட்டைத் தட்டினார். எனக்கு நாலு கேள்வி தொண்டை வரை வந்தது. அன்னிய ஆண்பிள்ளையிடம் எப்படிக் கேட்பது? வண்டி தெரு திரும்பிவிட்டது.

காஞ்சிபுரத்தில் கொடி ஏற்றம் என்றால் குழந்தைக்கும் அர்த்தம் தெரியும். கோயிலில் கொடி ஏறினால் திருவிழா தொடங்கிவிட்டது. அதை இறக்கும் வரை ஊர்க்காரர்கள் எல்லை தாண்டி வெளியூரில் தங்கக் கூடாது. நல்லது கெட்டது எதுவானாலும் கொடி இறங்கின பிறகுதான். தீபாவளி அமாவாசைக்கு மறுநாள் முருகன் கோயில்களில் சஷ்டி தொடங்குகிற வழக்கமும் இருக்கிறது. அக்கா உடனே கணக்குப் போட்டுவிட்டார். "சஷ்டிக்குக் கொடி ஏத்திக்கிறாங்கமா. பாவம், பயபக்தி உள்ள மனுசன். அதான் வரல."

எதிர்வீட்டு அம்மாள் இடுப்பில் குடத்தோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "ஏன்டியம்மா, நல்லா வெசாரிச்சியா? அது சாமி கொடியா, தாலிக் கொடியா? அங்க வேற எவளுக்குனா ஏத்திட்டாரோ இன்னாவோ. எறக்கவே முடியாத கொடி அதுதானே!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு உள்ளே போய் ராட்டையின் முன் உட்கார்ந்தேன். இழை விரலில் ஒட்டியது. ஒட்டியதைப் பார்த்தேன். என்ன அர்த்தம் என்று நினைக்கவில்லை. தாலிக் கொடி, தாலிக் கொடி என்றே ராட்டை சுற்றியது.

சாயங்காலம் அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இன்னாத்துக்கு மூஞ்சிய இப்பிடி வச்சிக்கினு கீற? கொடி ஏறின ஊர்லருந்துதான் கெளம்பக் கூடாது. கொடி ஏறின ஊருக்குப் போகலாமே. நீ போயேன். சாமியையும் பாரு, ஆசாமியையும் பாரு."

நான் தனியாகப் பக்கத்துத் தெருவுக்குக்கூடப் போனதில்லை. ஆனால் அன்று ராட்டையின் அந்தச் சத்தத்தை இன்னொரு நாள் கேட்டுக்கொண்டிருக்க என்னால் ஆகாது என்று தோன்றியது. விடிந்ததும் அக்காவின் வீட்டுக்காரர் என்னை ரயிலில் பெண்கள் பெட்டியில் ஏற்றிவிட்டார். கல்யாணப் புடவையைக் கட்டியிருந்தேன், திருவிழாவுக்குப் போகிறேன் அல்லவா? மூட்டையில் பாத்திரங்கள். மடியில், அந்த ஊர் முருகனுக்கு உடைக்க ஒரு முழுத் தேங்காய்.

செங்கல்பட்டில் இறங்கி, திருக்கழுக்குன்றம் வரை ஒரு குடும்பத்தோடு மாட்டுவண்டியில் போனேன். அதற்கு மேல் கிழக்கே வர எந்த வண்டியும் சம்மதிக்கவில்லை. "கொடி ஏறிக்குதும்மா, நாங்க வரல" என்றார் ஒருவர். இன்னொருவர் கையைத் தலைக்கு மேல் ஆட்டிவிட்டு மாட்டை அவிழ்க்கப் போனார். உள்ளே போனால் கொடி இறக்கும் வரை திரும்ப முடியாது, அதற்குப் பயப்படுகிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். எனக்குத் திரும்புகிற யோசனையே இல்லை. மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன்.

வெயில் ஒரு மாதிரி மஞ்சளாக இருந்தது. காற்றே இல்லை. ஒரு பனை ஓலைகூட அசையவில்லை. எதிரே ஜனங்கள் வந்தார்கள். முதலில் இரண்டு பேர், பிறகு பத்துப் பேர், பிறகு கூட்டமாக. பாய், சட்டி, ஆடு, தோளில் பிள்ளைகள். நான் ஓரமாக ஒதுங்கி ஒதுங்கி நடந்தேன். கொடி ஏறின ஊரை விட்டு இப்படி மூட்டை முடிச்சோடு வெளியே வருகிறார்களே, சாமி குற்றம் ஆகாதா என்று மனசுக்குள் அவர்களைத் திட்டிக்கொண்டே போனேன்.

கோழியை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்த ஒரு செம்படவக் கிழவி என்னை மறித்தாள்.

"எங்கமா போற? ஊரே இப்பிடி வருது, நீ பட்டுப் பொடவ கட்டிக்கினு அப்பிடிப் போற?"

"கொடி ஏத்தியிருக்காங்களே, அதுக்கு."

"அதுக்குத்தான் நாங்க ஓடியாறோம்!"

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ. "சாமி கொடி ஏறினப்புறம் ஊரை விட்டு வரலாமா?" என்று கேட்டேன்.

கிழவி என் புடவையைப் பார்த்தாள், மூட்டையைப் பார்த்தாள், மடியில் இருந்த தேங்காயைப் பார்த்தாள். "எந்தச் சாமிக்குமா? அடிப் பைத்தியமே, அது காத்துக் கொடி! கடல்ல பெருங்காத்து வருதுன்னு மெட்ராசுலருந்து தந்தி வந்துக்குது. தந்தி வந்தா ஆபீசு மரத்துல கொடி ஏத்துவாங்க. அமாவாசைக்கு ஏறின தண்ணி வேற இன்னும் வடியல. ரெண்டும் சேந்தா கடலு ஊட்டுக்குள்ள வந்து படுத்துக்கும்."

"அங்க எங்க வீட்டுக்காரரு..."

"யாரு?"

"கப்பல் ஆபீசுல லஸ்கரு."

கிழவி கோழியை மறு அக்குளுக்கு மாற்றினாள். அவள் குரல் தணிந்தது. "அவருதாம்மா ஏத்துனதே" என்றாள்.

கப்பல்காரனுக்குச் சேதி சொல்கிற வேலை எது என்று எனக்கு அந்த ரோட்டில்தான் தெரிந்தது. மேற்கொண்டு நடக்கப் போனவளைக் கிழவி விடவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ரோட்டோரத்து மேட்டில் இருந்த சத்திரத்தில் உட்காரவைத்தாள். கல் கட்டடம். அதன் வாசலில் நின்றால் தூரத்தில் கடலும், கடலோரத்தில் ஆபீசின் வெள்ளைச் சுவரும், அதன் பக்கத்தில் நெட்டையாக ஒரு மரமும் தெரிந்தன. நான் கொடியைத் தேடினேன். துணி ஒன்றும் பறக்கவில்லை. உச்சியில் ஒரு கறுப்புக் கூண்டு தொங்கியது, நம் வீட்டில் கோழி கவிழ்க்கிற கூடை மாதிரி. "அதுதான் கொடி" என்றாள் கிழவி. கொடிமரத்தில் ஏறுவதால் அங்கே அதற்கும் கொடி என்றே பேர். பகலில் கூண்டு, இருட்டினால் சிவப்பு விளக்கு. இறக்கச் சொல்லி மெட்ராசிலிருந்து மறு தந்தி வருகிற வரை, ஏற்றின ஆள் அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது.

எங்கள் ஊர்ச் சட்டமேதான். சாமி மட்டும் வேறு.

பொழுது சாய்கிற நேரத்தில் வடக்கிலிருந்து காற்று கிளம்பியது. கூண்டு இறங்கியது, சிவப்பு விளக்குகள் ஏறின. சாரலில் அவை குங்குமம் கரைந்ததுபோல் தெரிந்தன. பிறகு கதவைச் சாத்தி, குறுக்கே ஆட்டுக்கல்லை உருட்டி வைத்துவிட்டார்கள்.

அந்த ராத்திரியை எழுத எனக்கு வராது. நடுவில் ஒரு தடவை காற்று சட்டென்று நின்றது. எல்லோரும் "முடிஞ்சிச்சு" என்று எழுந்தார்கள். கிழவி மட்டும் உட்கார்ந்தபடியே சொன்னாள்: "மூச்சு வாங்குது. இன்னும் தெக்கருந்து வரணும்." வந்தது. அத்தனை ஜனங்களுக்கு நடுவில், யாரோ ஒருத்தியின் குழந்தை என் மடியில் கிடக்க, நான் என் அறையில் இருந்ததைவிடத் தனியாக இருந்தேன். வேறு ஒருத்தி இருக்கிறாளோ என்று புறப்பட்டு வந்தேனே, இருந்துவிட்டால்கூடப் போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். எந்தச் சாமியிடம் வேண்டினேன் என்று தெரியவில்லை.

விடிந்து கதவைத் திறந்தபோது மேட்டைச் சுற்றித் தண்ணீர். வயலும் ரோடும் இல்லை. கடல் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியவில்லை. ஆபீசின் சுவர் பாதி நின்றது. கொடிமரம் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. உச்சியில் விளக்கும் இல்லை, கூண்டும் இல்லை.

யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. கிழவிகூட வேறு பக்கம் பார்த்தாள். நான் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு அந்த மரத்தையே பார்த்தபடி நின்றேன். மழை தூறிக்கொண்டிருந்தது. கஞ்சி கொடுத்தார்கள், வாங்கிக் கீழே வைத்தேன்.

வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்த பிறகு, மரத்தின் அடியில் ஏதோ கறுப்பாக அசைந்தது. "கொடி ஏறுது!" என்று யாரோ கத்தினார்கள். கூண்டுதான். ஏற்றுவது ஆபீசுக்காரர் யாராகவும் இருக்கலாம். அது மேலே ஏறியது, நின்றது. மறுபடி ஏறியது. இரண்டு இழுப்பு, ஒரு நிறுத்தம். கையை மாற்றிப் பிடிக்கிற நேரம் அது. மறுபடி இரண்டு இழுப்பு, ஒரு நிறுத்தம். அவ்வளவு தூரத்தில் மனிதர் யாரும் தெரியவில்லை. கூண்டு மட்டும் விக்கி விக்கி மேலே போயிற்று.

நான் தூணடியில் உட்கார்ந்துவிட்டேன். கிழவி ஓடி வந்து, "இன்னாமா, இன்னாமா" என்றாள். "அவருதான்" என்றேன். "உனக்கு எப்பிடித் தெரியும்?" என்றாள். கிணற்றை அவளுக்கு எப்படிச் சொல்வது?

தண்ணீர் இடுப்பளவுக்கு வடிந்த பிறகு அவர் வந்தார். லஸ்கர் சம்சாரம் சத்திரத்தில் இருக்கிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வேட்டி முழுக்கச் சேறு. உள்ளங்கை இரண்டும் கயிறு அறுத்துப் பிளந்திருந்தன. என்னைப் பார்த்ததும் முதலில் புரியாமல் நின்றார்.

"நீ எப்பிடி வந்தே?"

என் புடவையைப் பார்த்தார். "இன்னாத்துக்கு வந்தே?"

தேங்காயை எடுத்து நீட்டினேன். ராத்திரி கதவிடுக்கில் வந்த தண்ணீரில் அது உருண்டு கிடந்திருந்தது.

"எந்தச் சாமிக்கு?" என்றார். கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் கேட்டேன். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் சந்தேகப்பட்டு வந்ததும் அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. அதைச் சொல்ல எனக்குக் கடைசிவரை வாய் வரவில்லை.

சத்திரத்துப் படியில் தேங்காயை உடைத்தார். ஒரு மூடியைக் கீறிக் குழந்தைகளுக்குக் கொடுத்தார். இன்னொன்றை, படியை ஒட்டி நின்ற கடல்தண்ணீரில் சேறு போக அலசி, என்னிடம் தந்தார். கஞ்சி குடித்தபடி சொன்னார்:

"வீடு போயிடிச்சு. ஜன்னல் மட்டும் கெடைச்சுது. ஆபீசு சுவத்துல சாத்தி வச்சிருக்கேன்."

நான் தலையாட்டினேன்.

"தந்திக் கம்பி அறுந்து கெடக்குது. எறக்கச் சொல்லி உத்தரவு வரணும். கொடி இன்னும் மேலதான் இருக்குது, நான் போகணும்." கஞ்சிச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு, "ஒவ்வொரு ஐப்பசிக்கும் இது இப்பிடித்தான். நீ ஊர்லயே இரு. அங்க நீ இருந்தா எனக்குக் கயிறு இழுக்க வராது" என்றார்.

சத்திரத்திலேயே இருந்துவிடுகிறேன், அந்த ஜன்னலைச் சாத்தின சுவரடியில் இருந்துகொள்கிறேன், எங்கே வேண்டுமானாலும் இருக்கிறேன் என்று சொல்ல நினைத்தேன். வாயைத் திறப்பதற்குள் அவர் தண்ணீரில் இறங்கிவிட்டார். முதுகு சின்னதாகிக்கொண்டே போயிற்று. மேலே அந்தக் கூண்டு அசையாமல் தொங்கியது.

நான் காஞ்சிபுரம் வந்து சேர்ந்தபோது அங்கேயும் நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்தது. தறிக்குழி நிறையத் தண்ணீர். அக்கா சொம்பால் மொண்டு மொண்டு வாசலில் ஊற்றிக்கொண்டிருந்தார். மூட்டையோடு என்னைப் பார்த்ததும் சொம்பைப் போட்டுவிட்டு வந்தார்.

"இன்னாமா திரும்பி வந்துட்டே? அவரு நல்லா இருக்காரா?"

"நல்லா இருக்காருக்கா."

"திருவிழா எப்பிடி?"

எதிர்வீட்டு அம்மாளும் வாசலுக்கு வந்துவிட்டாள். இத்தனை தூரம் போன கதையை, நான் ஊரைத் திட்டிக்கொண்டே நடந்ததை, அவர்கள் முன்னால் எப்படிச் சொல்வது? "நடந்துச்சுக்கா" என்றேன். தேங்காய் மூடியை அக்காவிடம் கொடுத்தேன். அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஒரு துண்டு கடித்தார்.

"இன்னாமா, உப்புக் கரிக்குது?"

"கடலோரத்துச் சாமி இல்லையா, அப்பிடித்தான் இருக்கும்" என்று எதிர்வீட்டு அம்மாளே பதில் சொன்னாள்.

"கொடி எறக்கிட்டாங்களா?" என்றார் அக்கா.

"இன்னும் எறக்கலக்கா."

அக்காவின் கை அப்படியே நின்றது. "எறக்கலியா? அப்ப நீ எப்பிடிமா எல்லையைத் தாண்டி வந்தே?"

நான் மூட்டையைச் சுவரோரம் இறக்கி வைத்தேன்.

"நான் அந்த ஊர்க்காரி இல்லையேக்கா" என்றேன்.